உடும்புக்குள் இருந்த ஆளும் துடைக்கப்பட்ட செருப்பும்

"உங்கட வேலை அனுபவத்தைப் பகிடியா எழுதித் தாங்கோ அன்ரன் அண்ணை, நீங்கள் எழுதினாத்தான் சனம் வாசிக்கும்" என்று எங்கள் சங்கத்தின் ஆண்டு மலர்க் குழுப் பிள்ளைகள் கேட்டார்கள். பகிடிக்குக் குறைவில்லை. இத்தாலியின் பலெர்மோவில் பாதி ஆயுளை ரப்பர் உடுப்புகளுக்குள் கழித்துவிட்டு, முழங்கால் விட்டுப்போனதால் அறுபதுக்கு முன்பே ஓய்வெடுத்த ஒருவன் எதை எழுதினாலும் பகிடியாகத்தான் வரும். ஆனால் இந்தத் தடவை நான் கோபத்தோடு எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் சிரிப்பதற்கு எனக்கு ஆட்சேபனை இல்லை. சிரித்து முடிந்ததும் கோபப்பட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

கோபம் ஒரு செருப்பைப் பற்றியது.

உங்களில் பலர் அந்தத் துண்டுப் படத்தை உங்கள் தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள். கடலிலிருந்து எழுந்து வந்த மலையளவு உடும்பு ஒன்று எங்கள் பலெர்மோவை மிதித்துக்கொண்டு வருகிறது. கதெட்ரால் என்கிற பெரிய கோயிலுக்கு முன்னால் நிற்கிறது. நகரம் எரிகிறது. உடும்பு மிக மெதுவாகத் தன் வலது கையைத் தூக்கி, நெற்றியில், நெஞ்சில், இடது தோளில், வலது தோளில் சிலுவை அடையாளம் போடுகிறது. காசில்லாத ஜப்பானியக் கம்பனி ஒன்று இங்கே வந்து எடுத்த அரக்கன் படம் அது. உடும்புக்குள் இருந்தது நான். சிலுவை போட்ட அடுத்த கணம், திரையின் கீழ் வலது மூலையில் ஒரு நீல ரப்பர் செருப்பு, பஸ்ஸை விடப் பெரிதாக, கண்ணிமைக்கும் நேரத்துக்கு வந்து போகும். படத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அந்த இடத்தில்தான் சிரிப்பார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் பிள்ளை தொலைபேசியில் அழைத்தது. படத்தைக் கணினியில் போட்டுப் புதுப்பிக்கிறார்களாம். மிகவும் மரியாதையான பிள்ளை.

"பிழையள் எல்லாத்தையும் துப்புரவாக்கி இருக்கிறம், சிஞ்ஞோர் அன்ரன்."

"என்ன பிழை?"

"வாலில தெரிஞ்ச கம்பி. முதுகில தெரிஞ்ச உடுப்புச் சிப். பிறகு, மூலையில ஒரு கால்."

"ஆற்ற கால்?"

"அது தெரியாது. ஆரோ வேலைக்கு நிண்ட ஆள் தவறிப்போய் உள்ளுக்கு வந்திருக்கு போல."

தவறிப்போய். அந்தச் சொல்லைக் கேட்ட நேரம் என் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. நல்ல கோப்பை, அதனால் எறியவில்லை. அந்தக் கால் தவறிப்போய் வராமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளை யாருடன் கதைத்திருக்கும்? என் மனைவியோடு. அதுவும் அனுதாபம் சொல்ல.

செருப்பு எப்படி அங்கே வந்தது என்று சொல்வதற்கு நான் எப்படி அங்கே போனேன் என்று முதலில் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். மன்னாரிலிருந்து வந்து, லிபெர்த்தா என்கிற பணக்காரத் தெருவில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது எசமானி, வீட்டில் வெள்ளிச் சாமான் மினுக்கினேன். அவவின் நாயை மாடிப்படியில் தூக்கி ஏற்றி இறக்கினேன். பிறகு ஒரு ஊர்க்காரர், "கட்டையான, முழங்கால் பலமான, வாய் திறக்காத ஆள் ஒண்டு வேணுமாம்" என்று ஒரு குளிர்சாதனப் பெட்டிக் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே விளம்பர உடுப்புக்குள் பெங்குவின் ஆனேன். அதற்குப் பிறகு சூரை மீன் அடைத்த தகர ரின். அதற்கும் பிறகு அரஞ்சீனா, அதாவது இந்த ஊரின் பொரித்த சோற்று உருண்டை. கபோ சந்தையில் அரஞ்சீனாவாக நின்றபோது ஒரு சின்னப்பிள்ளை உண்மையாகவே என்னைக் கடித்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும். உள்ளே வெக்கை, வெளியே சிரிப்பு. வேலை முழுக்க அதுதான்.

அப்போதுதான் ஜப்பானியர்கள் வந்தார்கள். கதையில் மூன்று அரக்கர்கள் இருந்தார்களாம். பலெர்மோ வந்து சேரும்போது ஒன்றுதான் மிச்சம். ஒரேத்தோ ஆற்றுக்கு அப்பால், ஒரு காலத்தில் தோடம்பழம் பெட்டி கட்டிய பழைய கொட்டிலை எடுத்திருந்தார்கள். கொட்டிலின் சொந்தக்காரரே படத்தின் உள்ளூர்த் தயாரிப்பாளர். எல்லோரும் அவரைத் தொத்தோரே, அதாவது கலாநிதி, என்றுதான் அழைப்போம். எதில் தொத்தோரே என்று யாரும் கேட்டதில்லை. இந்த ஊரில் நல்ல சப்பாத்துப் போட்டவர் எல்லோரும் தொத்தோரேதான். இயக்குநர் ஜப்பானிய இளைஞர். நல்ல பிள்ளை. வாயைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் தொத்தோரேயின் முகத்தைப் பார்ப்பார்.

கொட்டிலுக்குள் பலகையாலும் சாந்தாலும் இடுப்பளவு உயரத்தில் பலெர்மோவைக் கட்டினார்கள். கதெட்ரால், நாடக அரங்கு, லிபெர்த்தாவின் மாடி வீடுகள். எங்கள் ஆட்கள் பலர் அங்கே வேலைக்கு நின்றார்கள். யன்னலுக்கு மை பூச, வாலைக் கம்பியில் இழுக்க, தூசி தூவ. தவராணி அக்கா உடுப்புத் தைக்க வந்தா. அவ தீவுப் பகுதி ஆள். காலையில் லிபெர்த்தாவில் ஒரு வீட்டில் வேலை முடித்துவிட்டு, நேரே கொட்டிலுக்கு வந்து, உடும்பின் கிழிசல்களை மீன்பிடி நைலோனால் மூடுவா. அவ ஊசி குத்தும்போது உடும்புக்கு வலிக்கும் என்று நினைப்பீர்கள், அவ்வளவு ஏச்சு. "அசையாமல் நில், மூதேவி" என்பா. உள்ளே நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

உடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பழைய ஹோட்டல் எறிந்த மெத்தைகளின் பஞ்சை வெட்டி ஒட்டி, மேலே ரப்பர் பூசியிருந்தார்கள். சில இடங்களில் மெத்தையின் பூப்போட்ட சீலை உள்ளே அப்படியே இருந்தது. நான் நகரத்தை அழித்ததெல்லாம் ரோசாப் பூக்களைப் பார்த்துக்கொண்டுதான். உடும்பின் கண் எனக்கு மேலே எங்கேயோ இருந்தது. நான் பார்த்தது தொண்டையில் இருந்த ஓட்டைகளால். மூச்சு விட்டதும் அதே ஓட்டைகளால். உடுப்பைப் பூட்டித் திறக்கும் சிப் முதுகில், முள் வரிசைக்குக் கீழே ஒளித்திருந்தது. உள்ளே இருப்பவன் தன் கையால் அதைத் திறக்க முடியாது. இதை மறக்காதீர்கள்.

என்னைத் தெரிவு செய்தவர் ஒகுடா மாஸ்ரர். மரியாதைக்குரிய ஆளைக் கண்டால் மாஸ்ரர் ஆக்கிவிடுவது எங்கள் பழக்கம்தானே. இளம் வயதில் ஜப்பானில் இப்படி எத்தனையோ உடுப்புகளுக்குள் இருந்தவர். முழங்கால் போனபின் உடுப்புக்கு வெளியே நின்று உள்ளிருப்பவனைப் பார்ப்பது அவர் வேலை. ஆளைத் தெரிவு செய்ய எங்களை வரிசையில் இருத்தி, ஒவ்வொருவர் தலையிலும் ஈரத் துவாயைப் போட்டு மூடினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக இழுத்து எறிந்தார்கள். கடைசியில் மிஞ்சியது நான். தைரியம் என்று அவர் நினைத்தார். நான் நித்திரை.

காலையில் முதலில் வருபவர் அவர்தான். உடும்பு முதுகு திறந்தபடி கம்பத்தில் தொங்கும். தலைமயிர் காயவைக்கும் இயந்திரத்தை உள்ளே பிடித்துக் கால் நுனிவரை காயவைப்பார். ஸ்பிரிற் நனைத்த துணியால் துடைப்பார். பிறகு தன் தலையை உடும்பின் கழுத்துக்குள் விட்டு, அங்கேயே நின்று மூச்சு விட்டுப் பார்ப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் உடும்பு ஒரு வயதான மனிதரை ஆறுதலாக விழுங்கிக்கொண்டிருப்பது போல இருக்கும். அவருக்குத் திருப்தி வராவிட்டால் யாரும் உள்ளே போக முடியாது. உள்ளே போகிறவன் முதல்நாள் உள்ளிப்பூண்டு சாப்பிடக்கூடாது என்பதும் அவருடைய சட்டம். உள்ளே விட்ட மூச்சைத்தானே திரும்ப இழுக்க வேண்டும். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "அப்ப ரசமும் இல்லையோ? இதென்ன வேலையோ, நோன்போ?" என்றா.

நடையையும் அவர்தான் பழக்கினார். பெரிய மிருகம் என்றால் மெதுவாக நடக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். முதல் நாள் கோயில் யானை மாதிரி அசைந்து வந்தேன். அவர் தன் தலையில் கை வைத்தார். கமெராவை வேகமாக ஓடவிட்டுப் படம் பிடிக்கிறார்கள். திரையில் எல்லாம் மெதுவாகி, அப்போதுதான் பாரம் தெரியும். ஆகவே உள்ளே இருப்பவன் சுடுமணலில் வெறுங்காலோடு ஓடுகிறவன் மாதிரி துள்ள வேண்டும். திரையில் கம்பீரமாகத் தெரியும் ஒவ்வொரு அடியும் கொட்டிலுக்குள் ஒரு பைத்தியக்காரத் துள்ளல். இதையும் மறக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கூப்பிடுகிற சடங்கு. அவருடைய இத்தாலியனும் எங்களுடைய இத்தாலியனும் ஒரே அளவு உடைசல் என்பதால் நன்றாக விளங்கிக்கொண்டோம். நான் உள்ளே போய் சிப் மூடியதும் அவர் கையை உயர்த்தி, "அன்ரன், தெந்த்ரோ" என்பார். அன்ரன் உள்ளே என்று அர்த்தம். கொட்டிலில் இருக்கும் எல்லோரும், மை பூசுகிறவர் வரைக்கும், வேலையை விட்டு நிமிர்ந்து "தெந்த்ரோ" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாத ஒரு ஆள் இருந்தால் மறுபடி முதலிலிருந்து. நான் வெளியே வந்ததும் "ஃபுவோரி", வெளியே. அதையும் எல்லோரும் சொல்ல வேண்டும்.

உள்ளே இருந்து கத்தினால் வெளியே கேட்காது. அதனால் ஒரு சைகை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்தால், ஏலாது, திற என்று அர்த்தம். அதைப் பார்த்தவர் நடக்க வேண்டும். இயக்குநரைப் பார்க்கக்கூடாது. கமெரா ஓடுகிறதா என்று பார்க்கக்கூடாது. தேத்தண்ணி கொண்டுவந்தவர் என்றாலும் சரி, பார்த்தவர் போய் சிப்பைத் திறக்க வேண்டும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திறக்க வைத்துப் பார்த்தார். தொத்தோரேயும் திறந்தார், இரண்டு விரலால், சிரித்துக்கொண்டு.

தவராணி அக்கா தன் முறை வந்தபோது கேட்டா: "இடையில கட்டடம் இருந்தா?"

மாஸ்ரர் யோசிக்கவே இல்லை. "மிதி."

"கோயில் எண்டா?"

"மிதி."

இனி அந்த நாள். நகரம் முழுவதையும் அழிக்கும் காட்சி. கட்டியது ஒரு நகரம்தான், ஆகவே ஒரு தடவைதான் எடுக்கலாம். அதற்கு முதல் நாள், ஒரு சிறிய தெருவை அழிக்கும்போது நான் உள்ளே இருமினேன். மாஸ்ரர் உடனே நிறுத்திச் சிப்பைத் திறந்துவிட்டார். வெடி வைத்திருந்த தெரு வீணாகிப் போனது. தொத்தோரே அவரோடு சண்டை பிடிக்கவில்லை. சிரித்தார். மறுநாள் காலை, "ஒகுடா சான், உங்கட வதிவிட அனுமதிப் பெர்மெஸ்ஸோவில ஒரு சிக்கலாம், கெஸ்தூராவில உங்களை உடனே வரட்டாம்" என்று சொல்லி, காரில் ஏற்றி, அந்தப் பொலிஸ் அலுவலக வாசலில் இறக்கிவிட்டு வந்தார். அப்படி ஒரு சிக்கலும் இருக்கவில்லை. இந்த மலரை வாசிக்கும் உங்களுக்கு அங்கே நிற்கிற வரிசையைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. ஒரு மனிதனை ஒரு நாள் முழுவதும் இல்லாமல் ஆக்குவதற்கு அதைவிட வசதியான இடம் பலெர்மோவில் இல்லை என்று அந்த நல்ல சப்பாத்துக்காரருக்குத் தெரிந்திருந்தது.

சிப்பைத் தொத்தோரே தன் கையாலேயே மூடினார். நான் உள்ளே காத்திருந்தேன். "தெந்த்ரோ" வரவில்லை. யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. அப்போதே நான் கையைத் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் பெங்குவின் பழக்கம் லேசில் போகாது. உள்ளே போ என்றால் போவது, ஆடு என்றால் ஆடுவது.

துள்ளினேன். நாடக அரங்கை இடித்தேன். லிபெர்த்தாவில் நான் நாய் தூக்கிய வீட்டை, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆசையோடு மிதித்தேன். வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சாந்துத் தூசி, புகை. வால் நுனியில் ஏதோ புகையத் தொடங்கியது, அந்தப் புகை உடுப்புக்குள்ளாலேயே மேலே வந்தது. அதே நேரம், வியர்வையில் ஊறிய மெத்தைப் பஞ்சு ஒட்டு விட்டு, சரிந்து, தொண்டை ஓட்டைகளை அடைத்தது. ஒரே ஒரு ஓட்டை மிச்சம். ஒரு கண்ணுக்குக் காணும். மூச்சுக்குக் காணாது.

கைகளைத் தூக்கிக் குறுக்கே வைத்தேன்.

மிச்சமிருந்த ஓட்டையால் வடிவாகப் பார்த்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். யாருக்கும் தெரியாமல் போகவில்லை. இயக்குநர் வழக்கம் போலத் தொத்தோரேயின் முகத்தைப் பார்த்தார். தொத்தோரே உள்ளங்கையை விரித்து உயர்த்தினார். பொறு, இன்னும் கொஞ்சம். எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். மறுபடி தூக்கினேன். அந்தக் கை இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதம் வீரமானதென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு முதலில் கண்ணுக்குள் வந்தது என் மரண அறிவித்தல். "மன்னாரைப் பிறப்பிடமாகவும், பலெர்மோவை வதிவிடமாகவும், உடும்பை இறுதியிடமாகவும் கொண்ட." அதற்கு எந்தப் படத்தைப் போடுவார்கள் என்று கவலைப்பட்டேன். பெங்குவின் படத்தைப் போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். பிறகு நேர்த்திகள். மடு மாதாவுக்கு ஒன்று வைத்தேன். இந்த ஊரின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவுக்கு வெறுங்காலோடு மலையேறுவதாகச் சொன்னேன். தவராணி அக்காவின் கந்தனையும் விடவில்லை. அவருக்குத் தேங்காய் எத்தனை என்று பேரம் பேசுவதற்குள் மூச்சு முடிந்தது. வெளியே இருக்கிறவர்களிடம் கேட்டு வேலையில்லை என்று தெரிந்ததும், இனி நேரே மேலிடந்தான் என்று, நடுங்கிக்கொண்டு, ஈ அடிக்கிற வேகத்தில், நெற்றி, நெஞ்சு, தோள், தோள் என்று சிலுவை போட்டேன். என் நெற்றி எங்கே, உடும்பின் நெற்றி எங்கே என்ற கணக்கெல்லாம் இல்லை.

அதைத்தான் கமெரா மெதுவாக்கியது.

முழங்கால் மடிந்தது. கதெட்ராலின் மேல் விழுந்தேன் என்று பிறகு சொன்னார்கள். அப்போது முதுகில் சிப் கிழிகிற சத்தம். வெளிச்சம். ஒரு கை என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தது.

"மூச்சை விடு. அன்ரன், மூச்சை விடடா. பேந்து சாகலாம்."

தவராணி அக்கா. கையில் இருந்த வாளியோடு, காலில் நீல ரப்பர் செருப்போடு, நகரத்தின் ஓரத்திலிருந்து நேரே நடந்து வந்திருக்கிறா. பக்கத்தால் சுற்றி வர வழி இருந்தது. அவ சுற்றவில்லை. தபால் கந்தோரை மிதித்து, இரண்டு வங்கிகளை மிதித்து, தான் காலையில் கூட்டித் துடைத்த அதே மாடி வீட்டையும் மிதித்து வந்தா. வாளித் தண்ணீரை வாலில் ஊற்றினா. பிறகு, அந்தக் கொட்டிலில் யாரும் சொல்லாமல் விட்டதை, கை உயர்த்திச் சொன்னா. "ஃபுவோரி." ஒவ்வொருவராக, தலையைக் குனிந்துகொண்டு, திருப்பிச் சொன்னார்கள்.

தொத்தோரே சொல்லவில்லை. அவர் கத்திக்கொண்டு வந்தார். "நகரத்தை நாசமாக்கிப் போட்டாய்."

அழிப்பதற்காகவே கட்டிய நகரத்தை. ஒரு பெண் மிதித்து அழித்துவிட்டாளாம்.

அக்கா வாளியைக் கீழே வைத்தா. "ஏன், உங்கட உடும்பு பூவோ தூவினது?"

அடுத்த நாள் அவ வரத் தேவையில்லை என்றார். வேலை போய்விட்டது. ஒரு மனிதனை வெளியே எடுத்ததற்காக.

பின்னேரம் ஒகுடா மாஸ்ரர் வரிசை இலக்கத் துண்டைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தார். நடந்ததை அரைகுறை இத்தாலியனில் நாங்கள் சொல்லக் கேட்டார். மேசையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்து, உடும்பின் முதுகிலிருந்த சிப்பை மேலிருந்து கீழ்வரை வெட்டி எடுத்தார். ஒரு துணி வெட்டுகிறவர் போல, நேராக, அவசரமில்லாமல். அதை நாலாக மடித்துத் தொத்தோரேயின் கையில் கொடுத்தார். இனி அதற்குள் யாரும் போக முடியாது. மிச்சப் படத்தைக் கையுறையையும் வாலையும் காட்டி முடித்தார்கள். பார்த்தால் தெரியும்.

பிறகு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். அங்கே நின்ற தவராணி அக்காவுக்கு முன்னால் இடுப்பு மடியக் குனிந்தார். நிமிரவில்லை. பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்த்தது. அக்கா பதறிப்போய் என்னிடம் சொன்னா: "அன்ரன், மனுசனுக்கு இடுப்புப் பிடிச்சுக்கொண்டுது போல, ஒருக்காப் பிடிச்சு நிமித்தடா."

படம் ஓடவில்லை. நான் மறுபடி ரின்னுக்கும் உருண்டைக்கும் போனேன். சந்தா ரொசாலியா நேர்த்திக்கு மலை ஏறினேன். படத்தில் போகாத முழங்கால் நேர்த்தியில் போகத் தொடங்கியது. பல வருடம் கழித்து யாரோ அந்தச் சிலுவைத் துண்டை இணையத்தில் போட, ஒரே அமர்க்களம். அழிக்கும் சக்தி தன் பாவத்தை உணரும் கணம் என்று படித்தவர்கள் எழுதினார்கள். அந்த அமைதியைப் பாருங்கள், அந்த நிதானத்தைப் பாருங்கள் என்றார்கள். ஐயா, அது நிதானம் இல்லை, கமெரா. தொத்தோரே ஒரு பேட்டியில், "நான்தான் நடிகனிடம் சொன்னேன், இந்த இடத்தில் செபி என்று" என்றார். அதை நான் பொறுத்தேன். சிரிக்கவும் செய்தேன். செபிக்க வைத்தது அவர்தான், அதில் பொய் இல்லை.

ஆனால் செருப்பு வேறு விசயம். அந்தப் படம் முழுவதிலும் உண்மையான வேலை செய்தது அது ஒன்றுதான். நூறு பேர் பார்த்தாலும் நடந்தது ஒரு ஆள் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. அதைப் பிழை என்று பெயரிட்டு, எச்சில் தொட்டு அழிப்பது போல அழித்துவிட்டு, எனக்குக் கம்பளம் விரித்து அழைப்பிதழ் அனுப்பினார்கள். அந்தப் பெண் பிள்ளையிடம் கேட்டேன், செருப்பைத் திருப்பி வைக்க முடியாதா என்று. "பார்க்கிற ஆக்களைக் குழப்பும், சிஞ்ஞோர் அன்ரன்" என்றது. குழம்பட்டுமே.

போன மாதம், கபோவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் புதுப் பிரதியைக் காட்டினார்கள். தவராணி அக்காவையும் கூட்டிப்போனேன். நல்ல சீலை, மேலே கம்பளிச் சட்டை, கால் வீக்கத்தால் சப்பாத்து ஏலாது என்று ரப்பர் செருப்பு. படம் தொடங்கியதும் நித்திரையானா. கதெட்ரால் வரும்போது தட்டி எழுப்பினேன். உடும்பு சிலுவை போட்டது. மண்டபம் மூச்சுப் பிடித்தது. கீழ் வலது மூலையில் வெறும் தூசி. அழகான, துப்புரவான தூசி.

"என்ர செருப்பெங்கை?" என்றா அக்கா.

"துடைச்சுப் போட்டினம் அக்கா."

"ஏன், ஊத்தையோ?"

விளக்குகள் எரிந்தன. மேடையில் தொத்தோரே. தலை வெளுத்துவிட்டது, சப்பாத்து அதே மினுக்கம். என் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார். புதிதாகச் செய்த ரப்பர்க் கையுறை ஒன்றை என் கையில் மாட்டி, "அன்றைக்கு நான் சொல்லித் தந்த மாதிரி, ஒருதரம் செய்து காட்டு" என்றார். சனம் எல்லாம் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு எழுந்து முன்னால் வந்தது.

அங்கே பேசுவதற்கு வீட்டில் ஒரு பேச்சு எழுதிப் பழகியிருந்தேன். அறச்சீற்றம் நிறைந்த பேச்சு. மேடையில் ஏறியதும் அதன் முதற்சொல் கூட நினைவுக்கு வரவில்லை. உடுப்பு இல்லாமலே மூச்சு முட்டியது. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்தேன்.

கை தட்டினார்கள். அது ஏதோ உடும்பு வணக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். தொத்தோரே ஒரு கணம் தட்டினார், பிறகு நிறுத்தினார். அவருக்குத் தெரியும். சனத்தைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்திச் சிரித்தார், பொறுங்கள் என்பது போல. நான் கையை இறக்கவில்லை. அக்கா மறுபடி நித்திரையாகியிருந்தால் இந்தக் கோலத்திலேயே ஓய்வூதியம் எடுக்க வேண்டுமே என்ற பயம் வேறு.

பின்வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

"தள்ளு பிள்ளை. தள்ளு, வழி விடு."

சுற்றி வர வழி இருந்தது. அவ சுற்றவில்லை. கமெராக்களுக்கும் எனக்கும் நடுவால் வந்து, மேடையில் செருப்போடு ஏறி, தொத்தோரேயைத் தாண்டி, என் முதுகுக்குப் பின்னால் நின்று தடவினா.

"சிப் எங்கையடா?"

"இண்டைக்கு வெறும் சேட்டுத்தான் அக்கா."

"அப்ப ஏன் கையைத் தூக்கினனீ?"

"ஏலாமல் போச்சு."

 முதுகில் ஒரு தட்டுத் தட்டினா, கையை உயர்த்தினா. "ஃபுவோரி." மண்டபத்தில் சொன்னவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். போதும்.

மறுநாள் எல்லா இடத்திலும் அந்தப் படங்கள் வந்தன. நூற்றுக்கணக்கான தொலைபேசி, நூற்றுக்கணக்கான படம். நான் கையைக் குறுக்கே வைத்தபடி நிற்கிறேன், தொத்தோரேயின் வாய் பாதி திறந்திருக்கிறது. எதை எடுத்துப் பார்த்தாலும் எங்கேயோ ஒரு மூலையில் நீல ரப்பர் செருப்பு இருக்கிறது. இனித் துடைக்கட்டும் பார்ப்போம்.